நாலு மணிக் காபி இறங்கும் நேரம்

காரைக்குடியில் காபித்தூள் கடையில் போய் நின்று "கால் கிலோ" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "எண்பது-இருபதா, அறுபது-நாற்பதா?" முதல் எண் காபி, இரண்டாவது சிக்கரி. கடைக்காரர் கேட்பது ருசிக்காகத்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் மருந்தளவும் இருக்கிறது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. நிறம் தரும், கசப்பு தரும், டிகாஷனைக் கெட்டியாகக் காட்டும். கஃபீன் மட்டும் அதில் துளியும் கிடையாது. ஆகவே கறுப்பாக இறங்கும் டிகாஷனில் கஃபீனும் கூடுதலாக இருக்கும் என்று நினைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். கலப்பில் காபி பாதிக்குக் கீழே போகக்கூடாது, குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

கொட்டையிலும் வேறுபாடு உண்டு. அராபிகாவில் எடையில் சுமார் 1.2 சதவீதம் கஃபீன். ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 2.2 சதவீதம். 'பீபெரி' என்றால் 'ஸ்ட்ராங்' என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் உண்டு. பழத்துக்குள் இரண்டு கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் உருண்டையாக விளைந்தால் அது பீபெரி, அவ்வளவுதான். கஃபீன் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது உருண்டையா தட்டையா என்பதல்ல, அராபிகாவா ரொபஸ்டாவா என்பதே.

இப்போது ஒரு டம்ளருக்குக் கணக்குப் போடலாம். பத்து கிராம் தூள், எண்பது-இருபது, பாதி அராபிகா பாதி ரொபஸ்டா: எட்டு கிராம் காபி, அதில் சுமார் 135 மில்லிகிராம் கஃபீன். அறுபது-நாற்பது என்றால் சுமார் 100. ஃபில்டரில் எல்லாமே இறங்கிவிடாது. கொஞ்சம் சக்கையில் தங்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 வரை போகலாம், ஒரே மூச்சில் 200-ஐத் தாண்டக்கூடாது என்றது. இரண்டும் முரண் அல்ல. நம் வழிகாட்டி கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நம் உணவையும் நம் உடம்பையும் பார்க்கும்போது அந்த இறுக்கம் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காபிச்செடி கஃபீனை நமக்காகத் தயாரிக்கவில்லை. இலையைக் கடிக்க வரும் பூச்சிக்கு அது நஞ்சு. 2014-இல் காபியின் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள், காபியும் தேயிலையும் இந்த ரசாயனத்தைச் செய்யும் வழியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டவை என்றார்கள். உறவே இல்லாத இரண்டு செடிகள் ஒரே ஆயுதத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. விரட்டுவதற்கு மட்டுமல்ல, வரவழைக்கவும் அது பயன்படுகிறது. காபிப்பூவின் தேனில் மிகச் சிறிய அளவில் கஃபீன் உண்டு. அந்த அளவைக் குடித்த தேனீக்கள் பூவின் வாசனையை மறுநாளும் நினைவில் வைத்திருப்பதாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. கசப்பால் பூச்சியைத் துரத்தி, அதே பொருளால் வாடிக்கையாளரைப் பழக்கப்படுத்தும் செடி!

பூச்சியை எதிர்த்த இந்த ஆயுதம் பூஞ்சையிடம் தோற்றது. அந்தத் தோல்வியின் கணக்கு செட்டிநாட்டுப் பேரேடுகள் வரை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை உலகின் பெரிய காபி நாடுகளில் ஒன்று. மலையில் காபி பறிக்க இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஏழை ஜனங்கள் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அதே காபிப் பொருளாதாரத்துக்குக் கொழும்பு செட்டியார் தெருவில் கிட்டங்கி என்ற வணிகக் கூடம் வைத்திருந்த செட்டிநாட்டு நகரத்தார் கடன் கொடுத்தார்கள். 1869-இல் இலைகளின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத் தூள் படிந்தது. காபித் துரு நோய். இருபது ஆண்டுகளுக்குள் அந்த மலைகள் தேயிலைக்கு மாறிவிட்டன. காபித் தோட்டங்களில் பணத்தை முடக்கியிருந்த ஓரியண்டல் பாங்க் 1884-இல் கவிழ்ந்தது. செட்டிநாட்டின் பெரிய வீடுகளைப் பார்க்கிறவர்கள் பர்மாத் தேக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்தச் சீமையிலிருந்து கடல் கடந்தவர்களின் கதையில் காபிக்கும் ஒரு பக்கம் உண்டு.

இனி உடம்புக்குள் போகலாம்.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. செல்கள் ஆற்றலைச் செலவழித்ததில் மிஞ்சுவது அது. நரம்புச் செல்களின் மேல் அதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றில் அடினோசின் போய் உட்கார உட்கார, அயர்ச்சி வரும், கண் சொருகும். கஃபீன் மூலக்கூறின் உருவம் அடினோசினுக்குப் பக்கத்தில் வருவது. அந்த ஏற்பிகளில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆனால் 'தூங்கு' என்ற கட்டளையைக் கொடுக்காது. வட்டித் தொழில் தெரிந்த ஊரில் இதைச் சொல்வது எளிது. கஃபீன் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை, வசூலுக்கு வந்தவரைத் திண்ணையில் உட்கார வைக்கிறது. அசலும் வட்டியும் அப்படியே நிற்கும். கஃபீன் விலகியதும் சேர்ந்திருந்த அடினோசின் மொத்தமும் ஒரேயடியாக உள்ளே வரும். காபி குடித்து முழித்துப் படித்த பையன் விடியற்காலையில் புத்தகத்தின் மேலேயே சரிவது இதனால்தான்.

குடித்த முக்கால் மணி நேரத்தில் கஃபீன் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்குள் வந்துவிடுகிறது. வெளியேறுவதுதான் நிதானம். சராசரி ஆளுக்குப் பாதி கரைய ஐந்து மணி நேரம் ஆகும். செட்டிநாட்டில் நாலு மணி என்பது இடைப்பலகார வேளை. பலகாரத்தோடு காபி இல்லாமல் முடியாது. நாலு மணிக்கு 100 மில்லிகிராம் என்றால் இரவு ஒன்பதுக்கு 50, அதிகாலை இரண்டுக்கு 25. ஆறு மணிக்கு யாரோ பார்க்க வந்தார்கள் என்று இன்னொரு டம்ளர் போட்டிருந்தால் அதன் பாக்கியும் இதோடு சேரும். "எனக்குக் காபி குடிச்சாலும் தூக்கம் வரும்" என்பவர்கள் உண்டு; வரத்தான் செய்யும். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. குறைந்தது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை, கருவிதான் காட்டியது.

ஐந்து மணி நேரம் என்ற அந்தச் சராசரிக்குள் பெரிய ஏற்ற இறக்கம் இருக்கிறது. கஃபீனைச் சிதைக்கும் வேலை கல்லீரலில் உள்ள ஒரு நொதியுடையது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களிடம் அது வேகமாக ஓடும். அவர்கள் புகையை விட்ட வாரத்தில் அதே நாலு காபி திடீரென்று படபடப்பாக மாறும், பழியைப் புகை விட்டதன் மேல் போடுவார்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களிடம் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தங்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்ட்டிபயாடிக்குகள் அந்த நொதியை முடக்கும். மாத்திரைச் சீட்டு கையில் இருக்கிற வாரத்தில் காபியைப் பாதியாக்குவது நல்லது.

படபடப்பு என்றதும் இதயத்தைப் பற்றிய பயம் வரும். கலிபோர்னியாவில் நூறு பேருக்குப் பதினான்கு நாள் கருவி மாட்டி, காபி குடிக்கும் நாள், குடிக்காத நாள் என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2023-இல் வந்தது. இதய மேலறைகளின் கூடுதல் துடிப்புகள் காபியால் கூடவில்லை. கீழறைகளின் கூடுதல் துடிப்புகள் ஏறக்குறைய பாதியளவு கூடின. காபி நாட்களில் அவர்கள் ஏறக்குறைய ஆயிரம் காலடி அதிகம் நடந்தார்கள், 36 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். இதைப் படித்துவிட்டு காபி நல்லதா கெட்டதா என்று ஒற்றை வார்த்தையில் பதில் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது! ரத்த அழுத்தமும் பழக்கமில்லாதவர்களுக்குச் சற்று ஏறும், தினமும் குடிப்பவர்களுக்கு உடம்பு பெரும்பாலும் பழகிக்கொள்ளும்.

என் கவலை இதயத்தைப் பற்றியதல்ல. எத்தனை டம்ளர் என்று எண்ணுகிறோம். எப்போது, எதோடு என்று பார்ப்பதில்லை. செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் காலை எட்டரைக்கு நடப்பதைப் பாருங்கள். இடியாப்பமோ இட்லியோ முடியும், கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் டபராவில் காபி வந்துவிடும். 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தபோது அந்தச் சாப்பாட்டிலிருந்து உடல் எடுத்த இரும்புச்சத்து 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவீதம். இதில் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி எதையும் குறைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே கெடுத்தது. சாப்பாடு வயிற்றை விட்டுச் சட்டென்று போய்விடுவதில்லை அல்லவா. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடச் சொல்கிறது. என்னைக் கேட்டால், பின்னால் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள் என்பேன்.

இந்தக் குற்றம் கஃபீனுடையது அல்ல. காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. கஃபீன் நீக்கிய காபி குடித்தாலும் இதே கதைதான். பருப்பு, கீரை, தானியத்திலிருந்து வரும் இரும்புக்குத்தான் பாதிப்பு அதிகம்; நம்மில் பெரும்பாலோருக்கு அதுதான் முக்கியமான வரத்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. காபியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கும் கர்ப்பிணியிடம் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும்.

மாத்திரையைக் காபியோடு போடுவது நம் வீடுகளில் வெகு சாதாரணம். வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆச்சி தைராய்டு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தார்.

"ஆச்சி, அது வெறும் வயித்துல போடுற மாத்திரையில்ல?"

"வெறும் வயித்துலதான போடுறேன். இன்னும் பலகாரம் சாப்பிடல. காப்பித்தண்ணி என்ன சாப்பாடா? பச்சைத் தண்ணியில போட்டா தொண்டையில நிக்குது."

ஆச்சியின் தர்க்கத்தில் பிழை கண்டுபிடிப்பது கடினம். காபி சாப்பாடு இல்லைதான். ஆனால் தைராக்ஸினைக் குடல் உறிஞ்சுவதைக் காபி குறைக்கிறது. இத்தாலிய மருத்துவர்கள் 2008-இல் இதை அளந்து காட்டினார்கள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். எண் இறங்காது, அடுத்த முறை மருத்துவர் மாத்திரையின் பவரைக் கூட்டுவார். காபியைத் தள்ளியிருந்தால் பழைய அளவே போதுமாக இருந்திருக்கும். தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எழுந்தவுடன் காபி இல்லாமல் ஓடாது என்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை இரவுப் படுக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆச்சியிடம் இதைச் சொன்னதும், "அப்ப மாத்திரையத்தான் மாத்தணும், காப்பிய இல்ல" என்றார். சரியான முடிவு.

நன்மைகளை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை ஏற்கெனவே வாட்சப்பில் நன்றாக ஓடுகின்றன. நாளுக்கு மூன்று நான்கு கோப்பை காபி குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவும் கல்லீரல் நோயும் குறைவாகக் காணப்படுவது பல நாட்டுத் தரவுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கஃபீன் நீக்கிய காபியிலும் நீரிழிவு விஷயத்தில் அதே போக்கு தெரிவதால், பெருமை முழுவதும் கஃபீனைச் சேராது. இவை பெரும்பாலும் மேலைநாட்டுக் கோப்பைகள் என்பதை மறக்க வேண்டாம். நம் டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை. நாலு டம்ளருக்கு எட்டுக் கரண்டி, முப்பது கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் நிறுத்திக்கொள்ளச் சொல்லும் 25 கிராம் இதிலேயே தாண்டிவிட்டது. நீரிழிவைத் தடுக்கிறேன் என்று இந்தக் காபியைக் குடிப்பதில் அர்த்தமில்லை.

ஆற்றுவதற்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991-இல் காபியைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது. 2016-இல் போதிய சான்றில்லை என்று அதை நீக்கியது. அதே கையோடு, 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தரக்கூடும் என்று சேர்த்தது. டபராவுக்கும் டம்ளருக்கும் நாலு தடவை மாறும்போது நுரைக்காக நாம் செய்கிற வேலை சூட்டையும் வேகமாக இறக்குகிறது. காகிதக் கப்பில் மூடி போட்டு வரும் காபிக்கு அந்த வசதி கிடையாது.

விரத நாளில் மதியத்துக்கு மேல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பசி, பித்தம், வெயில் என்று காரணம் சொல்வார்கள். பல பேருக்கு அது கஃபீன் நின்றதால் வருவது. தினமும் ஒரே ஒரு டம்ளர் பழக்கம் இருந்தாலே போதும். கடைசிக் காபிக்குப் பிறகு பன்னிரண்டு முதல் இருபத்து நாலு மணி நேரத்தில் தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். மூளையின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருந்த கஃபீன் போனதும் அவை விரிகின்றன. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பிலும் ரமலானின் முதல் நாட்களிலும் வரும் தலைவலியை மருத்துவர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சஷ்டி விரதத்துக்கோ பழனிப் பாதயாத்திரைக்கோ காபியை விடப்போகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நாளுக்கு அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்த வலி பெரும்பாலும் வராது. தலைவலிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் கஃபீனும் கலந்திருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். வலி போனது மாத்திரையாலா, மாத்திரைக்குள் ஒளிந்திருந்த காபியாலா என்று அப்போது யோசிக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு எல்லை 200 மில்லிகிராம். கடைசி மூன்று மாதங்களில் கஃபீன் பாதி கரையவே பதினைந்து மணி நேரம்வரை ஆகலாம்; அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், உள்ளே இருக்கும் சிசுவிடம் அதைச் சிதைக்கும் நொதி கிடையாது. சின்ன டம்ளரில் இரண்டு, அதற்குமேல் டீகூட வேண்டாம். இதே கஃபீன் குறைமாதக் குழந்தைகளுக்கு மருந்து என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு கஃபீன் சிட்ரேட்டை எடைக்கேற்ப அளந்து கொடுப்பார்கள்; மூளையின் மூச்சு மையத்தை அது தட்டியெழுப்பும். மருத்துவமனையில் சொட்டு சொட்டாக அளக்கிற ஒன்றை, வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கு "பாலாத்தான் போட்டிருக்கேன்" என்று டம்ளரில் ஊற்றுகிறோம். ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு, பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். பதினைந்து கிலோப் பிள்ளைக்கு 45. அரை டம்ளரில் முடிந்துபோகும்.

பரீட்சைக் காலத்தில் பெட்டிக்கடையில் தொங்கும் எனர்ஜி டிரிங்க் பாட்டில்களுக்கு வருவோம். லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் விதி. கால் லிட்டரில் 75, ஒரு காபியைவிடக் குறைவுதான். ஆனால் சூடான காபியை ஆற்றி ஆற்றித்தான் குடிக்க முடியும். குளிர்ந்த இனிப்புப் பானம் ஒரே மடக்கில் இறங்கும், அடுத்ததையும் திறக்க வைக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றதல்ல, நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்ற எச்சரிக்கை அந்தப் பாட்டிலிலேயே பொடி எழுத்தில் இருக்கும். அதைவிடப் பயப்பட வேண்டியது உடற்பயிற்சிக்கூடங்களிலும் இணையத்திலும் புழங்கும் தூள்கள். சுத்தமான கஃபீன் தூள் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 28 கோப்பை காபிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. காபியைக் குடித்தே அந்த அளவை எட்டுவது நடக்காத காரியம், வயிறு முதலில் மறுத்துவிடும். தூளுக்கு அந்தத் தடை இல்லை. அப்படி எதையாவது கலக்கிக் குடித்தவருக்கு வாந்தி, கை நடுக்கம், நெஞ்சு தாறுமாறாக அடிப்பது, வலிப்பு என்று வந்தால் மோர் கொடுத்துப் படுக்க வைத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், தூள் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.